மெழுகுத்தூள்

யோகப்பிரியா ஏரிக்கரைக்கு ஓடி வந்து சேர்ந்தபோது அவள் புருஷனை டேங்கர் லாரியின் முன்பக்கத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தென்னை மட்டையால் அடித்தார்கள். காய்ந்த மட்டை என்றால் நாலு அடியில் ஒடிந்துவிடும். பச்சை மட்டை ஒடியாது. அடிக்கிறவன் கைதான் ஓய வேண்டும். அருள்குமாரின் கீழுதடு கிழிந்து தொங்கியது. ஒரு கண் மூடிவிட்டது. உடம்பை பம்பரோடு சேர்த்துச் சுற்றியிருந்தவர்கள் வலது கையை மட்டும் தனியாக இழுத்து, இரும்புக் கம்பியின் ஓரத்தில் நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அந்தக் கைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து சின்னையன் கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். எதற்கு என்று அவனை யாரும் கேட்கவில்லை.

விடியும்போது எருமைகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிவந்தவன் அவன்தான். கேரள எல்லைக்குள் கிடக்கும் கோரையேரியின் கரைமேல் டேங்கர் பின்பக்கமாக நின்றிருந்தது. அதன் வாலிலிருந்து ஒரு கனத்த ரப்பர் குழாய் பாம்பு மாதிரி இறங்கித் தண்ணீருக்குள் கிடந்தது. சின்னையன் சத்தம் போடுவதற்குள் அவனுடைய இரண்டு எருமைகளும் தண்ணீரில் இறங்கிவிட்டன. ஒன்று மூக்குவரைக்கும் கறுப்பாகி, பதறி, கரையேறித் தப்பியது. இன்னொன்று நன்றாகக் குடித்துவிட்டது. அது இப்போது கரைச்சரிவில் பக்கவாட்டில் கிடந்து, வாயில் நுரை தள்ளி, பின்னங்கால்களால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

யோகப்பிரியா ஏரியைப் பார்த்தாள். கிழக்கு மூலையில் தண்ணீர் தெரியவில்லை. தார் உருக்கிக் கொட்டினாற்போல் ஒரு கறுப்புத் தோல் மூடியிருந்தது. அதன் ஓரங்களில் மட்டும் மயில்கழுத்து நிறம் மினுங்கியது. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசம் தொண்டையைப் பிடித்தது. கார்த்திகை மாதத்துக் கீழ்க்காற்று அந்தத் தோலை மெல்ல மெல்ல மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது. மேற்கேதான் கலிங்கு. ஏரி நிறைந்து வழியும் தண்ணீர் அந்தக் கல்தளத்தைத் தாண்டித்தான் வாய்க்காலில் விழுந்து, பால்பிடித்து நிற்கும் நெல்லுக்கும், ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் போகும். நேற்றிலிருந்து கலிங்கு வழிந்துகொண்டிருந்தது.

"பெரிப்பா! நிறுத்தச் சொல்லுங்க, செத்துப்போவாருங்க!"

ஏரித் தண்ணீரை யாருக்கு எந்த முறையில் விடுவது என்று முடிவுசெய்கிறவர் குப்பண்ணன். யோகப்பிரியாவின் அப்பனுக்கு அண்ணன். கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"சாவட்டும் கண்ணு," என்றார், சத்தம் உயர்த்தாமல். "மாப்பிள்ளை மேல கை வெக்கிறது நம்மட வழக்கமில்ல. ஊட்டோட வந்து இருந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்னு தலைவாழை எலை போட்டோம். அவன் நம்ம குடிக்கிற தண்ணீல பேண்டுட்டான்."

"நா தெரியாம..." என்று அருள்குமார் வாயைத் திறந்தான். இரத்தம்தான் முதலில் வந்தது.

"தெரியாமயா?" சின்னையன் எழுந்துவிட்டான். "பைப்பத் தண்ணிக்குள்ள உட்டுப்போட்டு, காலாட்டிக்கிட்டு பீடி குடிச்சிட்டிருந்தான், சம்மந்தி ஊட்டுக்கு ஒறம்பரை வந்தவனாட்ட! கேட்டா, இன்னுங் கொஞ்சந்தான் அண்ணா, சித்த நேரத்துல முடிஞ்சுருங்கறான்!"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவனே மறுபடி மட்டையை ஓங்கி அடித்தான்.

யோகப்பிரியா புருஷனின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து கழிவெண்ணெய் ஏற்றிக்கொண்டு போகிறான் என்பதுதான் அவளுக்குத் தெரியும். எங்கே இறக்குகிறான் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"ஏன் மாமா இங்க?"

அவன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். "இங்கத்த வழிதான் எனக்குத் தெரியும் புள்ள. கேமராவும் கெடையாது."

கரட்டு வழியாக இந்த ஏரிக்கரைக்கு வரும் தடத்தை அவனுக்குக் காட்டியவள் அவள். கல்யாணமான புதிதில், பைக்கில், அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவள் கை தானாக உயர்ந்தது. கிழிந்த உதட்டின் மேலேயே அறைந்தாள். அவன் தலை ரேடியேட்டர் கம்பியில் இடித்துத் திரும்பியது. கட்டினவளே அடித்துவிட்டாள் என்றால் அப்புறம் யாருக்கு என்ன தடை? மட்டை வைத்திருந்த இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள்.

அறைந்த கையாலேயே அவள் அவர்களை மறித்தாள்.

"எண்ணெயை நா எடுத்துடறனுங்க பெரிப்பா. மில்லுல மெழுகுத்தூள் கெடக்குது. அறுவது மூட்டை. கலிங்குக்குப் போறதுக்குள்ள எடுத்துடறேன். அதுவரைக்கும் இவரு மேல ஆரும் கை வெக்கக் கூடாது."

குப்பண்ணன் காற்றைப் பார்த்தார். கறுப்புத் தோல் நடு ஏரியைத் தொட இன்னும் ஐம்பது அறுபது அடி இருந்தது.

"எடு," என்றார். "ஆனா சொல்லிப்போட்டேன் அம்மிணி. கலிங்கு தாண்டி எண்ணெய் போச்சுன்னா, சின்னையனப் புடிச்சு நிறுத்த என்னால ஆவாது. நிறுத்தவும் மாட்டேன்."

"ஒரு கைதானுங்க," என்றான் சின்னையன், நியாயமாகப் பேசுகிறவனைப் போல. "வால்வைத் திருகின கை. அது போதும் எனக்கு."

மஞ்சி மில் அங்கிருந்து கூப்பிடு தூரம். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிற மில். நார் போக மிஞ்சுகிற தூள் களமெல்லாம் குன்று குன்றாகக் குவிந்திருக்கும். அந்தத் தூளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். தன் எடைக்கு ஏழெட்டு மடங்கு குடித்துவிட்டு, இன்னும் கொடு என்னும். உப்புப் போகக் கழுவிச் செடித்தொட்டிகளுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள்தான் அதற்கு வேறு குணம் ஏற்றலாம் என்று காட்டினார்கள். தூளின் உடம்பெல்லாம் தண்ணீரைப் பிடிக்கும் சின்னச் சின்னக் கைகள் இருக்கின்றன என்றார்கள். மெழுகுவர்த்திக்குப் போடும் ஸ்டியரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கரைத்து, காய்ந்த தூளில் தெளித்துப் பிசைந்து, டிரம்மில் போட்டுச் சூடேற்றினால், அந்தக் கைகளில் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் தூள் தண்ணீரை உதறும். எண்ணெயைக் கண்டால் விடாது. வந்தவர்கள் இரண்டு மாதத்தில் போய்விட்டார்கள். எத்தனை தூளுக்கு எவ்வளவு அமிலம், எத்தனை மணி நேரச் சூடு என்பதெல்லாம் பதினோரு டிரம் கருகிப்போன பிறகு யோகப்பிரியா தானாகக் கண்டுகொண்டவை. முதலாளி மோகனசுந்தரம் அதை மெழுகுத்தூள் என்று லேத் பட்டறைகளுக்கு, தரையில் சிந்திய எண்ணெயை எடுக்க விற்றார்.

அவர் பொள்ளாச்சி போயிருந்தார். ஓடிக்கொண்டே போன் போட்டாள்.

"அது ஆர்டர் சரக்கு யோகப்பிரியா. கைய வெச்சே, நாளைக்கு வேலைக்கு வராதே."

"வரலைங்க," என்று வைத்துவிட்டு, குடோன் பூட்டைக் கருங்கல்லால் அடித்தாள். மூன்றாவது அடியில் கல் நழுவி இடது கை சுண்டுவிரல் நசுங்கியது. ஆறாவது அடியில் பூட்டு தெறித்தது.

அவள் உள்ளே மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே ஊராரின் டிராக்டர் வந்து நின்றதும், பத்து ஆட்கள் குதித்ததும், களத்தில் கண்ணுக்கு முன்னால் கிடந்த கழுவின ஈரத்தூளை டிரெய்லர் நிறைய அள்ளிக்கொண்டு போனதும் அவளுக்குத் தெரியாது. நாச்சம்மாள் ஓடி வந்து சொன்னாள். நாச்சம்மாள் மில்லில் கூட்டுகிற வேலை செய்கிறவள், ஐம்பது வயது, வாய் ஓயாதவள்.

"எட அம்மிணி, அவனுக பச்சத்தூள ஏத்திட்டுப் போயிட்டானுக! நா கத்துனேன். தூளுன்னா தூளுதான், ஓரமாப் போ கெழவீன்னுட்டானுக!"

மினி ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் திரும்பியபோது பாதி டிரெய்லர் காலியாகிவிட்டது. ஏரியில் வீசிய ஈரத்தூள் கொஞ்ச நேரம் பழுப்புத் திட்டாக மிதந்தது. பிறகு தண்ணீரைக் குடித்துக் கனத்து, கட்டி கட்டியாக அடியில் போனது. அதன்மேல் எண்ணெய் திரும்பவும் மூடிக்கொண்டது. முன்பைவிட அகலமாக. வீசியதில் எழுந்த அலையில் அது நடு ஏரியைத் தாண்டியிருந்தது.

"உன்ற தூளு கல்லாட்ட முங்குது!" என்று சின்னையன் கத்தினான். "நேரங் கடத்தறா! புருஷனத் தப்பிக்க உடறதுக்கு வேசங் கட்டறா!"

அவள் பதில் சொல்வதற்குள் கூட்டம் லாரிப் பக்கம் திரும்பிவிட்டது. ஒருவன் லாரியிலிருந்தே ஜாக்கிக் கம்பியை உருவி, கட்டியிருந்த வலது கையின் விரல்கள் மேல் இறக்கினான். பச்சை விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அருள்குமார் கத்தியது மனிதக் குரலாக இல்லை. மறுபடி கம்பி உயர்ந்தது. யோகப்பிரியா அந்த ஆளின் முழங்கையில் பல்லைப் பதித்தாள். உப்பும் எண்ணெயும் வாயில் கரித்தன. அவன் கம்பியை விட்டான்; விட்ட கையால் அவள் காதோடு சேர்த்து ஒன்று வைத்தான். அவள் புழுதியில் விழுந்தாள். சின்னையன் கொடுவாளோடு அவளைத் தாண்டிப் போனான்.

அவள் அவனைத் தடுக்கவில்லை. தவழ்ந்துபோய், குப்பண்ணன் உட்கார்ந்திருந்த வாளியை அவருக்கு அடியிலிருந்து இழுத்தாள். பெரியவர் தடுமாறிச் சரிந்தார். வாளியை ஏரியில் அமுக்கி, தண்ணீரும் எண்ணெயுமாக மொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். மூட்டையைப் பல்லால் கிழித்து இரண்டு பிடி மெழுகுத்தூளை அதில் போட்டாள்.

"பாருங்க! முங்குதான்னு பாருங்க!"

தூள் மேலேயே நின்றது. நின்ற இடத்திலேயே கறுத்தது. வாளியின் ஓரத்திலிருந்தெல்லாம் எண்ணெய் அதை நோக்கி ஓடி வந்தது. அவள் அந்தக் கறுப்புக் களியை விரல்களால் வழித்துத் தூக்கியெறிந்தாள். அடியில் தண்ணீர் தெளிந்திருந்தது. பெரியப்பனின் கையைப் பிடித்து அதற்குள் அமுக்கினாள்.

குப்பண்ணன் கையை வெளியே எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"டேய் சின்னையா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கைகள் எழும்பின. "வாளக் கீழ போடுடா. போட்டுட்டு எல்லாரும் தண்ணீல எறங்குங்கடா!"

அப்புறம் நடந்தது வேலை. அந்த வேலையும் ஒரு சண்டையைப் போலத்தான் இருந்தது. யோகப்பிரியா கத்தினாள், தள்ளினாள், கெட்ட வார்த்தை சொன்னாள். இத்தனை நாளும் மில்லில் அவள் குரல் யாருக்கும் கேட்டதில்லை. தக்காளித் தோட்டத்துப் பச்சை வலையை நீள நீளமாகக் கிழித்து, அதற்குள் மெழுகுத்தூளைத் திணித்து, ஒவ்வொரு முழத்துக்கும் கயிறு கட்டி, மலைப்பாம்பு மாதிரிச் செய்தார்கள். அதை இரண்டு கரையிலும் முளை அடித்துக் கலிங்கின் வாய்க்குக் குறுக்கே மிதக்கவிட்டார்கள். எண்ணெய் வந்து முட்டியது. வலைப்பாம்பு பச்சையிலிருந்து கறுப்பானது. அவள் கலிங்குக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் தண்ணீராகவே விழுந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூளை விசிறினார்கள். ஊறினதை மூங்கில் தட்டியால் ஒதுக்கி, கூடையில் அள்ளிக் கரைமேல் கொட்டினார்கள். கண்ணில் விழுந்த தின்னர் எரிந்தது. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஒருவன் தோள் இடித்ததென்று இன்னொருவன் தட்டியாலேயே அவன் மண்டையைப் பிளந்தான். காயத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அடுத்தடுத்தே நின்று அள்ளினார்கள்.

"பாத்தயா அம்மிணி," என்றாள் நாச்சம்மாள், கழுத்துவரை கறுப்பாக. "எண்ணெயக் கண்டா மொடாக் குடியாக் குடிக்குது, தண்ணியத் தொடவே மாட்டேங்குது. சாராயத்துலயே கெடக்கற என்ற ஊட்டுக்காரனையும் இப்புடித்தான் வறுத்தெடுத்திருப்பாங்களாட்ட இருக்குது."

யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகை வந்தது. லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அருள்குமாரின் தலை மார்பில் தொங்கியது. உடைந்த விரல்கள் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தன. ஒருமுறை அவள் தண்ணீர் கொண்டுபோனாள். காவலுக்கு நின்றவன் செம்பைத் தட்டிவிட்டான். "ஏரித் தண்ணி வேணும்னா குடு," என்றான். ஏரித் தண்ணீரையே, தெளிந்த பக்கமாக மொண்டு, கொண்டுபோய்க் குடிக்கவைத்தாள். அவன் குடித்துவிட்டு, "சீக்கிரம் புள்ள," என்றான். அவள் எதையோ எதிர்பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கிப் போனாள்.

மூன்று மணிக்கு மேல் குப்பண்ணன் கலிங்குக்குக் கீழே வாய்க்காலில் இறங்கினார். வெள்ளை வேட்டியின் முனையைத் தண்ணீரில் நனைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். கறை இல்லை. கோரைப்புல் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்தது. அது நகரக்கூடியதல்ல.

"அவுத்து உடுங்கடா அவன," என்றார். "மீதிய ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அந்த நேரம் பார்த்து எருமை செத்தது. காலையிலிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பின்னங்கால் ஒருமுறை நீண்டு நின்றது. சின்னையன் அதன் வாயில் கையை வைத்துப் பார்த்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான். எழுந்தபோது கொடுவாள் அவன் கையில் இருந்தது.

"ஆரும் அவுக்கக் கூடாது," என்றான்.

நாலு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். ஒருவனுக்குத் தோளில் வெட்டு விழுந்து, வெள்ளை பனியன் நனைந்து சிவந்தது. எல்லாருடைய கண்ணும் அங்கே இருந்தது. யோகப்பிரியா நடுவே புகுந்து சின்னையனின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

நாச்சம்மாள் இது எதையும் பார்க்கவில்லை. மில்லில் வேலை முடிந்தால் கூட்டிக் குவித்த கூளத்துக்குத் தீ வைத்துவிட்டுப் போவது அவளுடைய வேலை. இருபது வருஷமாக அதுதான் நடக்கிறது. மில் தூள் சுடர் விட்டு எரியாது, இரண்டு நாளைக்குப் புகைந்துகொண்டு கிடக்கும், கொசு வராது. இங்கேயும் வேலை முடிந்தது. கரைமேல் ஆள் உயரத்துக்குக் கூளம் கிடந்தது. தென்னோலைத் துண்டைப் பற்றவைத்து, குனிந்து, அடியில் செருகினாள்.

வெடித்தது போல ஒரு சத்தம். குவியல் முழுதும் ஒரே சுடராக எழுந்தது. சுடருக்குள்ளிருந்து நாச்சம்மாள் கைகளை விரித்துக்கொண்டு வெளியே வந்தாள். எண்ணெயில் ஊறிய சேலை அவள்மேல் நின்று எரிந்தது.

"தண்ணி! தண்ணி ஊத்துங்கடா!"

ஆளுக்கொரு குடம் மொண்டு குவியல்மேல் வீசினார்கள். யோகப்பிரியா "வேண்டாம்!" என்று கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. மெழுகுத்தூள் தண்ணீரை உதறியது. அதைச் செய்யத்தானே அவள் அதை வறுத்தாள்? வீசிய தண்ணீர் எரியும் கட்டிகளைத் தூக்கி, தன் முதுகில் வைத்துக்கொண்டு கரைச்சரிவில் ஓடியது. தீ மிதந்துகொண்டே போயிற்று. ஒரு கிளை ஏரிக்குள். ஒரு கிளை, கூடைகளிலிருந்து காலையிலிருந்து சிந்திய கறுப்புத் தடம் வழியாக, நேராக லாரிக்கு.

"பிரியா!" என்று அருள்குமார் அலறினான். "பிரியா! கட்ட அவுத்து உடு!"

டிரெய்லரில் மிச்சமிருந்த ஈரத்தூளை அவள் கண் முன்னமே கண்டுவிட்டது. எட்டு மடங்கு தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடக்கும் தூள். எகிறி ஏறினாள். ஒரு சட்டி நிறைய வாரிக்கொண்டு குதித்தாள். சட்டி ஒன்றுதான். வலது பக்கம் இருபது அடியில் லாரி. தீ அதன் முன்சக்கரத்தைத் தொட்டுவிட்டது. இடது பக்கம் நாச்சம்மாள் வாயைத் திறந்துகொண்டு, சத்தமே வராமல், தன்னையே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து அந்த நொடி வரைக்கும் யோகப்பிரியா நினைத்தது, கத்தியது, கடித்தது எல்லாம் அருள்குமாருக்காக. அவன் உயிரோடு வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே இல்லை. கால்கள் இடது பக்கம் ஓடின. அவள் அதை யோசிக்கவில்லை. நாச்சம்மாளைக் காலை வாரிக் கீழே தள்ளி, ஈரத்தூளை அவள்மேல் கொட்டி, தன் உடம்பால் அமுக்கிப் புரட்டினாள். தலைமயிர் கருகும் வாடை வந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"பிரியா!"

அவள் தலையைத் தூக்கியபோது தீ பம்பரைச் சுற்றி நின்றது. நைலான் கயிறு உருகி, அவன் மணிக்கட்டின் தோலோடு ஒட்டி, நூல் நூலாக இழுபட்டது. அவன் ஒரு மாடு முளையைப் பிடுங்குவது போல உடம்பை முறுக்கி இழுத்தான். தோல் கையுறை மாதிரி உரிந்து வந்தது. கட்டுகள் விட்டன. சட்டை எரிய எரிய நாலு எட்டு ஓடி, கரையிலிருந்து ஏரிக்குள் விழுந்தான்.

"ஈரத்தூள அள்ளுங்கடா! டிரெய்லர்ல கெடக்கறத!" அவள் குரல் இப்போது எல்லாருக்கும் கேட்டது. பச்சைத்தூளைக் கூடை கூடையாக வாரித் தீயின்மேல் அடித்தார்கள். அது சுடர்மேல் கனமாக உட்கார்ந்தது, சீறியது, புகைந்தது, அணைந்தது. டேங்கருக்கு மூன்றடி தூரத்தில் கடைசித் தீயை மிதித்து அணைத்தவன் சின்னையன். கொடுவாள் எங்கே விழுந்ததென்று அவனுக்கே தெரியாது. ஏரியிலிருந்து அருள்குமாரைத் தூக்கி வந்து போட்டார்கள். சின்னையன் வந்து குனிந்து அந்த வலது கையைப் பார்த்தான். விரல்கள் உடைந்து, மணிக்கட்டில் எலும்பு தெரிந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், செத்த எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

போலீஸ் ஜீப்பும் ஆம்புலன்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் நாச்சம்மாளை ஏற்றினார்கள். முதுகும் ஒரு பக்கத்துக் கழுத்தும் வெந்திருந்தன. "நாந்தான் வெச்சேன் அம்மிணி, நாந்தான் வெச்சேன்," என்று அதையே சொல்லிக்கொண்டு போனாள். உயிருக்குப் பயமில்லை என்றார் கூட வந்த நர்ஸ். இன்னொரு ஸ்ட்ரெச்சரில் அருள்குமார். யோகப்பிரியா பக்கத்தில் போனாள். அவன் முகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைத் துடைக்கக் கையை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கட்டிப்போட்டுக் கெடந்தேன்," என்றான். "உன்னத்தான் கூப்புட்டேன். நீ அவளப் பாக்கப் போனே."

"ஆமாங்."

"நா உன்ற புருஷன்."

"ஆமா மாமா."

பயத்தில் திசை தெரியாமல் ஓடிவிட்டேன் என்று சொல்லலாம். அவன் நம்பிவிடுவான். ஆனால் திசை தெரிந்துதான் இருந்தது. அவன் இத்தனை நேரத்தில் ஒருமுறைகூட ஏரியைப் பற்றிக் கேட்கவில்லை என்பதும், நாச்சம்மாள் பிழைத்தாளா என்று கேட்கவில்லை என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆரா இயாளெ அடிச்சது?" என்று போலீஸ்காரர் அருள்குமாரைக் காட்டி மலையாளத்தில் கேட்டார். கரையில் நாற்பது பேர் நின்றார்கள். கை வீங்கியவன், தோள் வெட்டுப்பட்டவன், மண்டையில் துண்டு கட்டியவன். எல்லாரும் ஏரியைப் பார்த்தார்கள்.

"நாங்க எல்லாருந்தானுங்க," என்றாள் யோகப்பிரியா. "மொத மொதல்ல மூஞ்சில அறைஞ்சது நா இல்ல. ஆனா அறைஞ்சேன். பேரு கேட்டா ஒவ்வொருத்தராச் சொல்றேன். எண்ணெயத் தொறந்து உட்டது இவரு. அதையும் எழுதிக்குங்க."

குப்பண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "என்ற பேரையே மொதல்ல எழுதுங்க," என்றார்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தப்போன நர்ஸ், பெண்டாட்டிதானே என்று கேட்டு அவளையும் ஏறச் சொன்னார். "பாரியயல்லே? வண்டியில் கேறிக்கோ."

அருள்குமார் இன்னும் மறுபக்கம் திரும்பியே இருந்தான். அவன் தோள் நடுங்குவது தெரிந்தது. வலியாகத்தான் இருக்கும்.

"வரலைங்க," என்றாள்.

வண்டி கரட்டு வழியில் இறங்கி மறையும்வரை நின்றாள். காதுக்குள் காலையில் வாங்கிய அடி இன்னும் ரீங்கரித்தது. நசுங்கிய விரலில் முந்தானைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். தீ மிதந்துபோன இடத்தில் எரிந்தும் எரியாமலும் கட்டிகள் அலைந்துகொண்டிருந்தன. கோரை ஓரத்துக் கறுப்பு அப்படியே கிடந்தது.

"எத்தனை மூட்டை மிச்சமிருக்குது?" என்று கேட்டாள்.

"ஏழு," என்றான் மண்டையில் கட்டுப்போட்டவன்.

"இருட்டறதுக்குள்ள அந்த ஓரத்த முடிச்சுரலாம். எடுத்துட்டு வாங்க."

சொல்லிவிட்டுத் தட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.